பசிப்பிணியும் மக்கள் விழாவும்: ஜெர்மானியச் சந்தை விழாக்களின் வரலாறு

ஜெர்மானிய மக்கள் விழாக்கள் என்றவுடன் மியூனிக் நகரின் மதுக்கூடாரங்களே பலர்க்கும் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், வழிபாடு, வணிகம், வேளாண்மை ஆகிய மூன்றுமே அவ்விழாக்களுக்கு அடித்தளமாக அமைந்தன. அவற்றுள் பெரிதும் மறக்கப்பட்ட வேளாண்மையின் பங்கினை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேவாலயம் அர்ப்பணிக்கப்பட்ட நாளினை ஆண்டுதோறும் கொண்டாடும் 'கிர்ச்வை' விழாவே ஊர்ச்சந்தைகள் பலவற்றுக்குத் தோற்றுவாயாகும். வழிபடத் திரண்ட மக்களை நாடி வணிகர் வந்தனர். ஜெர்மன் மொழியில் 'மெஸ்ஸே' என்னும் ஒரே சொல் திருப்பலியையும் வணிகக் கண்காட்சியையும் குறிப்பது இத்தொடர்புக்குச் சான்றாகும். சந்தை கூட்டும் உரிமையோ ஆட்சியாளர் வழங்கும் கொடையாக இருந்தது. பேரரசர் இரண்டாம் கொன்ராட் 1035இல் வழங்கிய உரிமையே பிரேமன் நகரின் 'ஃப்ரைமார்க்ட்' விழாவுக்கு மூலமாகும். 1240இல் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக், பிராங்க்பர்ட் சந்தைக்குச் செல்லும் வணிகர்க்குப் பாதுகாப்பு அளித்தார்.

19ஆம் நூற்றாண்டில் வேளாண்மை முதன்மை பெற்றது. 1810 அக்டோபரில் பவேரிய இளவரசர் லுட்விக்கின் திருமணத்தையொட்டி மியூனிக்கில் குதிரைப் பந்தயம் நடைபெற்றது. மறு ஆண்டே அதனுடன் வேளாண் கண்காட்சியும் இணைந்தது. இதுவே அக்டோபர் விழாவின் தொடக்கமாகும்.

கான்ஸ்டாட் விழாவின் தோற்றமோ துயரம் தோய்ந்தது. 1815 ஏப்ரலில் சும்பாவா தீவின் தம்போரா எரிமலை வெடித்தது. நம் மலாய்த் தீவுக்கூட்டத்தில் எழுந்த அப்புகைப்படலம் கதிரொளியை மறைக்கவே, 1816இல் ஐரோப்பா கோடையை இழந்தது. வூர்ட்டம்பெர்க் நாட்டில் விளைச்சல் பொய்த்தது. தானிய விலை ஏறியது. பசிப்பிணிக்கு ஆற்றாது பல்லாயிரவர் ருசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் புலம்பெயர்ந்தனர். காரணம் எதுவென அன்று அவர்கள் அறிந்திலர். 1816இல் அரியணை ஏறிய மன்னர் முதலாம் வில்லியம், 1818இல் ஹோஹென்ஹைமில் வேளாண் கல்விக்கூடம் நிறுவினார். அதே ஆண்டு செப்டம்பரில் கான்ஸ்டாட்டில் வேளாண் விழாவையும் தொடங்கினார். சிறந்த கால்நடைகளுக்குப் பரிசுகள் வழங்கப்பட்டன. விளைபொருள்களால் அணிசெய்யப்பெற்ற 'கனித்தூண்' விழாவின் சின்னமாயிற்று.

அக்கல்விக்கூடம் இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது. விழாத்திடலில் கனித்தூண் இன்றும் எழுப்பப்படுகிறது. இராட்டினங்களுக்கும் மதுக்கூடாரங்களுக்கும் இடையே அதனைக் கடந்து செல்வோருள் எத்துணைப் பேர் அதனைப் பசியின் நினைவுச்சின்னமாக உணர்வர்? விழாக்களை வெறும் களியாட்டமாகக் காணும் ஆய்வு, அவற்றைத் தோற்றுவித்த மக்களின் வாழ்வினைக் காணத் தவறிவிடும்.