தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களும் வீடியோ கேம்களும்

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களைத் தழுவிய வீடியோ கேம்கள் அமெரிக்காவில் 1990களில் பெருகின. தொடரின் பெயரால் விற்ற இவற்றில் பல, அத்தொடரின் ரசிகர்களையே ஏமாற்றின.

தொடக்கம்

1989 டிசம்பரில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடர் தொடங்கியது. அதன் புகழை நம்பி அக்ளெய்ம் நிறுவனம் 1991இல் 'பார்ட் வெர்சஸ் தி ஸ்பேஸ் மியூட்டன்ட்ஸ்' கேமை வெளியிட்டது. ஊதா நிறப் பொருள்கள் வேற்றுலகவாசிகளிடம் சிக்காதபடி அவற்றுக்குச் சிறுவன் பார்ட் வேறு நிறம் பூசுவதே அதன் முதல் கட்டம். குடும்பச் சண்டையும் ஊர் வம்புமாக ஓடிய தொடர், தாவிக் குதிக்கும் ஆட்டமாகச் சுருங்கியது. 1994இல் வந்த 'ஹோம் இம்ப்ரூவ்மென்ட்' கேமில், தொடரில் கருவிகள் பற்றிய நிகழ்ச்சி நடத்தும் டிம் டெய்லர், அக்கருவிகளை ஏந்தி டைனோசர்களோடு மோதினார். 1998இல் 'சவுத் பார்க்' கார்ட்டூன் தொடர், வான்கோழிகள்மேல் பனியுருண்டை எறியும் துப்பாக்கிச் சண்டை பாணி ஆட்டமாக வந்தது. காகிதத்தில் வெட்டியது போன்ற அதன் தட்டை உருவங்கள் முப்பரிமாணத்துக்கு மாறித் தம் அழகை இழந்தன.

காரணங்கள்

நகைச்சுவைக்கு உயிர், வசனம் வந்து விழும் நேரம். தொடரில் அந்த நேரத்தை எழுத்தாளரும் படத்தொகுப்பாளரும் ஆள்கிறார்கள். கேமில் அது ஆடுபவர் கைக்குப் போய்விடுகிறது. ஒருமுறை கேட்டால் சிரிப்பூட்டும் வசனம், ஒரே கட்டத்தைப் பத்துமுறை ஆடும்போது எரிச்சலாகிறது. சுமார் 22 நிமிட அத்தியாயத்துக்கான கதைமாந்தர்களைக் கொண்டு பல மணி நேரத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. நாயகன் தோற்பதில்தான் தொடரின் சிரிப்பு பிறக்கிறது; ஆடுபவருக்கோ வெற்றி வேண்டும். இவற்றுக்கு விடை தேடாமல், விற்பனையில் முந்திய வேறு ஆட்டங்களின் அமைப்பில் தொடரின் முகங்களை ஒட்டியதே பெரும் பிழை.

மாற்றம்

2003இல் ராடிக்கல் நிறுவனம் உருவாக்கிய 'தி சிம்ப்சன்ஸ்: ஹிட் அண்ட் ரன்', 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' கேமின் பாணியைப் பின்பற்றியதே. ஆயினும் கதையையும் வசனத்தையும் தொடரின் எழுத்தாளர்கள் எழுதினர். தொடரின் நடிகர்களே குரல் கொடுத்தனர். தொடரின் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டின் தெருக்களில் விரும்பியபடி சுற்றலாம் என்பதால், ஊரே நகைச்சுவைக்குக் களமானது. 2014இல் வந்த 'சவுத் பார்க்: தி ஸ்டிக் ஆஃப் ட்ரூத்' கேமைத் தொடரின் படைப்பாளிகள் டிரே பார்க்கரும் மாட் ஸ்டோனும் எழுதினர். முப்பரிமாணத்தைக் கைவிட்டு, தொடரின் தட்டை ஓவியப் பாணியிலேயே அது அமைந்தது. சிறுவர்களின் கற்பனைச் சண்டையே கதை. ஆகவே ஆட்டத்தின் விதிகளே நகைச்சுவைக்குப் பொருளாயின. இரண்டும் பெற்ற வரவேற்பு, குறை நகைச்சுவையில் இல்லை, அதை ஆக்கியவர்களை ஒதுக்கிய வணிக முறையில்தான் என்பதை உறுதிசெய்தது.