நெருப்பும் நீரும்

1831ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிலே, றோயல் அக்கடமியின் வருடாந்தக் கண்காட்சியில், இரு நிலக்காட்சி ஓவியங்கள் அருகருகே தொங்கின. ஒன்று டேர்ணர் தீட்டியது. இத்தாலியக் கடலோரத்திலே சிதைந்து நிற்கும் கலிகுலா மன்னனின் மாளிகை பொன்வெயிலில் உருகுவதுபோல் அதிலே தோன்றிற்று. மற்றது கொன்ஸ்டபிள் தீட்டியது. ஈரப் புல்வெளியும் கருமுகிலும் சூழ நின்ற சோல்ஸ்பரிப் பேராலயத்தின்மேல் வானவில் வளைந்திருந்தது. கண்டோர் இவ்விரண்டையும் நெருப்புக்கும் நீருக்கும் ஒப்பிட்டனர்.

அவற்றை அருகருகே வைத்ததில் கொன்ஸ்டபிளுக்கும் பங்குண்டு. படங்களுக்கு இடம் வகுக்கும் குழுவில் அவ்வாண்டு அவர் இருந்தார். அவர் உள்ளத்தில் நெடுநாளைய ஏக்கமொன்று கிடந்தது. டேர்ணர் 1775இல் இலண்டனில் முடிதிருத்துவோர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1802இல், தமது இருபத்தாறாவது வயதிலேயே அக்கடமியின் முழு உறுப்பினரானார். 1776இல் சபொக் நாட்டுப்புறத்திலே தானிய ஆலையுடையார் ஒருவரின் மகனாகப் பிறந்த கொன்ஸ்டபிளோ, அப்பேற்றினை அடைய 1829 வரை காத்திருந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அம்மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள அவர்தம் மனைவி உயிருடன் இல்லை. சில மாதங்களுக்கு முன்னரே காலமாகிவிட்டார்.

இருவர் நோக்கும் வேறு. டேர்ணர் அல்ப்ஸ் மலைகளையும் வெனிஸ் நகரையும் நாடிச் சென்றார். மலையும் மாடமும் ஒளியிலே கரைவதைக் கண்டார். கொன்ஸ்டபிள் பிறநாட்டு மண்ணை மிதித்ததேயில்லை. 1821, 1822ஆம் ஆண்டுகளில் ஹம்ஸ்ரெட் மேட்டில் நின்று வானத்தையே மீண்டும் மீண்டும் தீட்டினார்; நாள், வேளை, காற்றின் திசை ஆகியவற்றையும் படங்களின் பின்புறத்தில் குறித்துவைத்தார்.

1832இல் மீண்டும் இருவர் படங்களும் அயலயலாக அமைந்தன. பத்தாண்டுகளுக்கும் மேலாக உழைத்த வாட்டர்லூப் பாலத் திறப்புவிழாக் காட்சிக்குக் கொன்ஸ்டபிள் செவ்வண்ணம் சேர்த்துக்கொண்டிருந்தார். அருகே இருந்தது டேர்ணரின் சாம்பல்நிற ஒல்லாந்துக் கடல். வந்து நோக்கிய டேர்ணர், தம் கடலின்மீது சிலிங் நாணயத்திலும் சற்றுப் பெரிய செம்புள்ளியொன்றை வைத்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாது அகன்றார். அப்புள்ளியின்முன் கொன்ஸ்டபிளின் சிவப்பெல்லாம் மங்கிற்று. பின்னர் டேர்ணர் அதனை ஒரு மிதவையாக உருவாக்கினார். இச்செய்தியை அவர்கள் காலத்து ஓவியரான லெஸ்லி எழுதிவைத்துள்ளார்.

அன்றைய வெற்றி டேர்ணருடையது எனலாம். ஆயினும் கலையின் வழக்கு ஒரு நாளில் தீர்வதன்று. 1824இலேயே கொன்ஸ்டபிளின் வைக்கோல் வண்டி ஓவியம் பாரிஸ் நகரிலே பொற்பதக்கம் பெற்று, பிரெஞ்சு ஓவியரைக் கவர்ந்திருந்தது. 1837இல் கொன்ஸ்டபிளும், 1851இல் டேர்ணரும் மறைந்தனர். போட்டியும் அவர்களோடு மறைந்தது. 1832இல் போட்டியிட்ட அவ்விரு படங்களையும் 2019இல் அதே அக்கடமி மீண்டும் ஒருங்கே காட்சிக்கு வைத்தது.

அருகருகே காண்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். நெருப்பின் அயலிலேதான் நீரின் குளிர்மை நன்கு புலனாகிறது. நீரின் அயலிலே நெருப்பின் வெம்மையும் அவ்வாறே.