641: ஒரு வகுத்தல் கணக்கின் வரலாறு



பகா எண் பாடத்தைக் கற்பிக்கும் நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. அது 4,294,967,297 எனும் எண்ணின் வரலாறு.

2 எனும் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 4 கிடைக்கும். விடையை மீண்டும் அவ்வாறே பெருக்கிக்கொண்டே போனால் 16, 256, 65,536 என வளரும். 2 முதலான இந்த ஐந்து எண்களோடும் 1-ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 ஆகியவை கிடைக்கின்றன. ஐந்துமே பகா எண்கள். அதாவது, 1-ஆலும் தம்மாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுபவை.

பிரான்சு நாட்டின் துலூஸ் நகரில் நீதிமன்றப் பணியாற்றிக்கொண்டே கணித ஆய்வில் ஈடுபட்டவர் பியேர் தெ ஃபெர்மா. இவ்வரிசை எவ்வளவு நீண்டாலும் பகா எண்களே வரும் எனத் தாம் நம்புவதாக அவர் 1640-இல் கடிதத்தில் எழுதினார். அதற்கான நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

வரிசையில் ஆறாவதாக வருவதே 4,294,967,297. இது பகா எண்தானா என நேரடியாக வகுத்துப் பார்ப்பதானால், 65,536-க்கு உட்பட்ட 6,542 பகா எண்களையும் சோதிக்க வேண்டியிருக்கும். கணிப்பொறி இல்லாத காலத்தில் இஃது எளிய வேலையா?

1729 டிசம்பரில் கிறிஸ்டியன் கோல்ட்பாக் என்பார், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்த லெயோனார்டு ஆய்லருக்குக் கடிதம் எழுதி, ஃபெர்மாவின் இக்கருத்தைப் பற்றி வினவினார். அப்பொழுது ஆய்லருக்கு வயது 22. 1732-இல் ஆய்லர் விடை கண்டார். அந்த எண் 641-ஆல் மீதியின்றி வகுபடுகிறது!

641 × 6,700,417 = 4,294,967,297

ஃபெர்மா எழுதி 92 ஆண்டுகளுக்குப் பின்னர் அவரது நம்பிக்கை பொய்யானது. அந்த எண்ணை வகுக்கவல்ல எந்தப் பகா எண்ணும் 64-ஆல் வகுக்கப்படும்போது மீதி 1 தர வேண்டும் என்று ஆய்லர் பின்னர் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வருகின்றன. ஆகவே, ஐந்தாவது சோதனையிலேயே விடை கிடைத்துவிடும். இந்நிரூபணத்திற்கு அடித்தளமாக அமைந்தது ஃபெர்மாவே 1640-இல் கூறிய மற்றொரு தேற்றம் என்பது வியப்புக்குரியது.

1880-இல் லாண்ட்ரி என்பவர் ஏழாவது எண்ணும் பகா எண் அன்று எனக் காட்டினார். முதல் ஐந்தைத் தவிர, இவ்வரிசையில் வேறொரு பகா எண் இன்றுவரை கண்டறியப்படவில்லை.

நம் வகுப்பறைகளிலும் மூன்று நான்கு எடுத்துக்காட்டுகளைக் காட்டி, "எப்பொழுதும் இப்படித்தான்" என்று விதியைச் சொல்லிவிடுகிறோம். "எப்பொழுதுமா, ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டால், நேரமில்லை என அவனை அமர்த்திவிடும் வழக்கமும் உண்டு. ஐந்து எடுத்துக்காட்டுகள் பொருந்தியும் ஆறாவது பொருந்தாமற்போன இந்த எண், அம்மாணவனின் கேள்வி நியாயமானது என்பதற்குச் சான்றாகும். அறிஞர் ஒருவர் கூறினார் என்பதும் நிரூபணமாகிவிடாது.

ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் இந்த எண்ணைக் கொடுத்து, 641-ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீள்வகுத்தல் தெரிந்த எவரும் செய்யக்கூடிய கணக்குதான். பெற்றோரும் வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து செய்து பார்க்கலாம். மீதி 0 என வந்ததும், இவ்வரலாற்றை அவர்களுக்குக் கூறுங்கள்.