சிறை மீண்டோர்க்கு நாம் செய்யத்தக்கது யாது?

சிறைக் கதவு திறக்கப்படுதலும் ஒருவன் விடுதலை பெறுதலும் ஒன்றேயென உலகத்தார் கருதுகின்றனர். அவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை நந்தமிழ் நூல்களும் நம் நாட்டு வரலாறும் தெளிவுற உணர்த்தும். அதனை நம் சங்கத்தார்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேற்கு மலையடிவாரத்தில், பிளவக்கல் அணைநீர் பாயும் வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த எமது கூமாப்பட்டி போன்ற ஊர்களில் ஒருவர் செய்தி மற்றொருவர்க்கு மறைவதில்லை. வரப்புத் தகராற்றிலோ குடிவெறியிலோ குற்றம் இழைத்த ஒருவன் திருவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் தண்டனை பெறுகின்றான். மதுரைச் சிறையிலோ பாளையங்கோட்டைச் சிறையிலோ சில ஆண்டுகளைக் கழித்துவிட்டு, வத்திராயிருப்பு வழியாகப் பேருந்தில் வந்து இறங்குகின்றான். அவனைக் கண்டதும் தேநீர்க் கடையில் பேச்சு அடங்குகின்றது. அறுவடைக்கு ஆள் திரட்டுவோர் அவன் வாயிலைக் கடந்து போகின்றனர். அவன் தங்கைக்கு வந்த வரன் மறு சொல் சொல்லாது திரும்புகின்றது. நீதிபதி விதித்த தண்டனைக்கு முடிவுநாள் உண்டு. ஊரார் விதிக்குந் தண்டனைக்கோ முடிவுநாளே இல்லை. இஃது அறமா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

முதற்கண் நம் மாவட்டத்தைச் சார்ந்ததொரு பழஞ்செய்தியைக் கூறுவாம். சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில் மதுரைமா தெய்வம் கண்ணகிக்கு உரைக்கும் வரலாறுகளுள் வார்த்திகன் வரலாறும் ஒன்று. இவ்வந்தணன் வாழ்ந்த தங்கால் என்னும் ஊர், சிவகாசிக்கு அணித்தாயுள்ள இன்றைய திருத்தங்கலே என அறிஞர் கொள்வர். சோணாட்டு அந்தணனாகிய பராசரன் என்பான், சேரனிடம் பெற்ற பெருஞ்செல்வத்தோடு திரும்புங்கால் தங்காலில் தங்கினான். வார்த்திகன் மகன் தன்னோடு மறை ஓதிய திறங்கண்டு மகிழ்ந்து அச்சிறுவனுக்கு அணிகலன் வழங்கினான். வறியராயிருந்தார் திடீரெனச் செல்வராயினமை கண்டு பொறாதார் பழி கூற, வார்த்திகன் சிறைப்பட்டான். அவன் மனைவி கார்த்திகை மண்ணிற் புரண்டு அழுதாள். ஐயை கோயிற் கதவு திறவாதாயிற்று. அது கேட்டு நடுங்கிய பாண்டியன் ஆராய்ந்து உண்மை தெளிந்தான்.

அவ்வரசன் அதன்பின் செய்தவற்றை நம்மவர் ஊன்றி நோக்கல் வேண்டும். சிறையினின்று விடுவித்ததோடு அவன் அமைந்தானல்லன். தங்காலையும் வயலூரையும் அவனுக்கு வழங்கினான். பிழை பொறுக்குமாறு வேண்டி, பலர் அறிய அவன்முன் நிலத்தில் வீழ்ந்து வணங்கினான். அதன் பின்னரே கோயிற் கதவு திறந்ததென்று காப்பியம் கூறும். விடுதலை ஒன்று, வாழ்வதற்கு நிலம் ஒன்று, போன மதிப்பைப் பலர் முன்னிலையில் மீட்டுத் தருதல் ஒன்று என மூன்றும் அங்கே ஒருங்கமைந்தன. மணிமேகலையோ சோழ மன்னனிடம் வரம் வேண்டிச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றினாள். ஆகவே, சிறைப்பட்டாரை மீட்டும் மனிதராக ஏற்கும் எண்ணம் மேனாட்டிலிருந்து நமக்கு இரவலாக வந்ததன்று.

இனி, அண்மைக் காலத்துக்கு வருவாம். வார்த்திகனுக்குக் கிடைத்த மூன்றனுள் ஒன்று மட்டுமே கிடைத்து மற்றிரண்டுங் கிடையாதவன் நிலை என்னாம் என்பதற்கு, கப்பலோட்டிய தமிழரெனப் போற்றப்படும் வ.உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் பிற்கால வாழ்வே சான்று. 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவிய அப்பெருமகனார் 1908 மார்ச்சுத் திங்களில் சிறைப்படுத்தப்பட்டார். அவ்வாண்டு சூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அச்செய்தி கேட்ட மாத்திரத்தில் அவர் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். மேல் முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்து, பின்னர்க் கண்ணனூர்ச் சிறையிலும் இருந்து, 1912 டிசம்பரில் அவர் வெளிவந்தார்.

வெளிவந்தார்க்கு வெளியே யாது இருந்தது? அவர் நிறுவிய கப்பற் கம்பெனி கலைந்து, கப்பல்களும் விலை போயிருந்தன. வழக்குரைஞர் சன்னது பறிபோயிருந்தமையால் கற்ற தொழிலைச் செய்ய இயலவில்லை. மனைவி மக்களோடு சென்னையிற் குடியேறி, சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என இடம் மாறி மாறி வாழ்ந்தார். அரிசி வாணிகம் செய்து பார்த்தார், நெய் விற்றுப் பார்த்தார், எதுவும் நிலைக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர் அவர்பொருட்டுத் திரட்டிக் காந்தியடிகள் வசம் ஒப்புவித்த 347 ரூபாய் 12 அணாவும் 1916-ஆம் ஆண்டிலேதான் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. விடுதலையாகி மூன்றாண்டு கடந்த பின்னரே அத்தொகை வந்தது! கொடுத்தார் நல்லர், வாங்கி அனுப்பினாரும் நல்லர், ஆயினும் இடையிற் கழிந்த ஆண்டுகளின் பசியை அத்தொகை ஆற்றியிருக்குமோ? உதவி எவ்வளவு என்பதினும் அஃது எப்பொழுது வந்தது என்பதே பெரிதென்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

பின்னர்ச் சில காலம் கோயம்புத்தூரில் வங்கியொன்றில் அலுவல் பார்த்தார். அவர் வாழ்வு நிலைகொண்டது யாதானும் ஒரு நன்கொடையினால் அன்று. பறிக்கப்பட்ட சன்னது திரும்பக் கிடைத்தமையினால் ஆகும். முன்னர்த் திருநெல்வேலிச் சீமையில் அதிகாரியாயிருந்து அவரை நன்கறிந்த வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி அதனை அவருக்கு மீட்டளித்தார். அதன்பின் கோயிற்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வழக்குரைஞராக வாழ்ந்து, தமிழ்ப் பணியும் இயற்றினார். தொல்காப்பியத்து இளம்பூரணருரையைப் பதிப்பிக்கவும், 1935-இல் திருக்குறள் அறத்துப்பாலுக்குத் தம் உரையை வெளியிடவும் அவருக்கு இயன்றது அதன் பின்னரே. அந்நன்றி மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். வெள்ளையரை எதிர்த்துச் சிறை புகுந்த வீரர், தம் பிழைப்பைத் திருப்பியளித்த வெள்ளை நீதிபதியின் பெயரைத் தம் மகனுக்குச் சூட்டினாரெனின், தொழில் மீளப் பெறுதல் எத்துணைப் பெரிய விடுதலை என்பதை வேறு யார் சொல்ல வேண்டும்?

அவருடன் தண்டனையுற்ற சுப்பிரமணிய சிவாவின் நிலை அதனினும் இரங்கத்தக்கது. சிறையில் தொழுநோய் பற்றிய உடம்போடு 1912-இல் வெளிவந்தார். அந்நோய் காரணமாகப் புகைவண்டியில் ஏறுதலும் தடுக்கப்பட்டமையால் ஊர் ஊராகக் கால்நடையாகச் சென்றார். 1925 சூலை 23-ஆம் நாள் பாப்பாரப்பட்டியில் மறைந்தார். நாட்டுக்காகச் சிறை சென்ற சான்றோர்க்கே இக்கதியாயின், பெயரறியாத ஏழை ஒருவன் கதி யாதாகும்!

ஈண்டு ஒரு தடை எழும். "வார்த்திகன் குற்றமற்றவன், சிதம்பரனாரோ தேசபக்தர். கத்தியெடுத்தவனையும் களவு செய்தவனையும் அவர்களோடு ஒப்பிடலாமோ?" என நம்மவருட் சிலர் வினவுவர். தக்க வினாவே. வெட்டுண்டவன் வீட்டாரின் கண்ணீரை யாம் மறந்தோமல்லோம். குற்றத்தைச் சிறிதென்று கூறவும் வந்தோமல்லோம். ஆயின் அக்குற்றத்திற்குரிய தண்டனையை அவன் அனுபவித்துத் தீர்த்தபின், வேலையும் வீடும் மறுக்கப்படின் அவன் எங்கே செல்வான்? அவனை வரவேற்கக் காத்திருப்பார் ஒருவரே உளர். அவர் பழைய கூட்டாளிகள். நாம் அடைக்குங் கதவு ஒவ்வொன்றும் அவனை அப்பக்கம் தள்ளும். அதனால் வருந்துன்பமும் நமக்கே. அடுத்து வெட்டுண்பான் நம் பிள்ளையாகவும் இருக்கலாம்.

இவ்வுண்மையை அரசினரும் மெல்ல மெல்ல உணர்ந்தனர். சென்னை மாகாணத்தில் அதிகாரம் வகித்த கார்டியூ என்பார் தலைமையில் 1919-20-இல் அமைந்த இந்தியச் சிறைக் குழு, அச்சுறுத்தலோடு அமையாது திருத்துதலும் சிறையின் நோக்கமாதல் வேண்டுமென வற்புறுத்தியது. 1936-இல் சென்னை மாகாணத்தில் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் பிறந்தது. 1958-இல் அத்தகைய சட்டம் நாடு முழுமைக்கும் இயற்றப்பட்டது; அதன்படி நன்னடத்தையில் விடப்பட்டார்க்கு, குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டமையால் வருந் தகுதிக்கேடு இல்லையென அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவு கூறுகின்றது. நன்னடத்தை அலுவலர் என்போர் இன்றும் மாவட்டந்தோறும் உளர். சிறை மீண்டோர்க்கு உதவுஞ் சங்கமும் தமிழகத்தில் உண்டு. இவற்றை நம் ஊர்களிற் பலர் அறியார்.

குற்றஞ்செய்தார் கையிற் பணத்தை நம்பி ஒப்புவிக்கலாகுமோ என்று அஞ்சுவார்க்கு ஓர் எடுத்துக்காட்டு. தமிழகச் சிறைத்துறை புழல், பாளையங்கோட்டை முதலிய இடங்களில் நடத்தும் பெட்ரோல் நிலையங்களில் தண்டனைக் கைதிகளே எண்ணெய் நிரப்பிப் பணம் வாங்குகின்றனர். 2023-இல் பெண் கைதிகள் நடத்தும் நிலையமொன்றும் புழலில் தொடங்கப்பட்டது. தண்டனைக் காலத்திலேயே நம்பத்தக்கவராயினார், தண்டனை தீர்ந்தபின் நம் கடையில் நம்பத்தகாதவராதல் எங்ஙனம்?

சாதிச் சங்கமாகிய நமக்கு வரலாறு தரும் பாடம் மற்றொன்றும் உண்டு. 1871-இல் இயற்றப்பட்டு 1911 முதல் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், தனி மனிதன் செய்த பிழையைக் குலம் முழுமைக்கும் ஏற்றியது. ரேகைச் சட்டமென மக்கள் அழைத்த அதன்கீழ், ஒரு குற்றமும் அறியாதார் கைரேகை பதித்தனர். இரவிற் காவல் நிலையத்திற் படுத்தனர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் அதனை எதிர்த்தோர் துப்பாக்கிக்கு இரையாயினர். 1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் நாடெங்கும் அச்சட்டம் நீங்கியது. அரசு குலத்தின் மேற் சுமத்திய பழியைக் கொடிதென்று கண்டித்த நாம், ஒருவன் பிழையை அவன் மனைவி மேலும் மக்கள் மேலும் சுமத்துதல் முறையாகுமா? பள்ளியில் பாடஞ் சொல்லும் யாம் அறிந்ததொன்று கூறுகின்றோம். தந்தை சிறையிலிருக்கும் பிள்ளையை மற்றப் பிள்ளைகள் ஏளனஞ் செய்வாராயின், அப்பிள்ளை முதலிற் பின்வரிசைக்குச் செல்லும். பின் பள்ளியைவிட்டே செல்லும். அவ்வேளனச் சொல்லைப் பிள்ளைகள் தாமே ஆக்கினாரல்லர்; வீட்டிற் பெரியோர் பேசக் கேட்டே கற்றனர்.

2024 அக்டோபர் 3-ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம், சிறைகளிற் சாதி நோக்கி வேலை பகுத்தல் அரசமைப்புக்கு முரணென்று தீர்ப்பளித்து, கைதிகளின் பதிவேட்டில் உள்ள சாதிப் பத்தியை நீக்கவும் ஆணையிட்டது. சிறையேட்டிலேயே சாதி கேட்கலாகாதெனின், சிறை மீண்டார்க்கு உதவுங்கால் நாமும் அதனைக் கேளாதிருத்தல் தகும். உதவி நம்மவரில் தொடங்கலாம்; நம்மவரோடு நின்றுவிடலாகாது.

ஆதலின் நம் சங்கத்தார் செய்யத்தக்கன சில கூறி அமைவாம். ஒருவர் விடுதலையாகும் நாளை முன்னரே அறிந்து, சங்கத்தார் இருவர் சிறை வாயிலுக்கே சென்று அழைத்து வருதல் வேண்டும்; முதல் நாள் தனித்து வருபவனே வழி தவறுவான். முதல் மூன்று திங்களுக்கு வேண்டும் அரிசியும் வீட்டு வாடகையும் சங்க நிதியினின்று உடனே வழங்கல் வேண்டும். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவற்றைச் சீர்செய்ய எழுத்தறிந்த இளைஞர் உடன் செல்லல் வேண்டும். கடையோ தோப்போ அரிசி ஆலையோ உடைய உறுப்பினர் ஆண்டுக்கு ஒருவர்க்கேனும் வேலை தருதல் வேண்டும். சிறை சென்ற பெண்டிர்க்குப் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒருங்கே மறுக்கப்படுதலால், அவர்க்கு முதலிடம் தருதல் வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பத்தாரையும் சங்கப் பெரியோர் நேரிற் கண்டு, அவர் அச்சத்தையும் குறையையும் கேட்டு ஆவன செய்தல் வேண்டும். அஃதின்றேல் ஒரு பக்கத்து அறம் மறுபக்கத்து மறமாய்விடும்.

திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் நாம் திரட்டும் நிதியிற் சிறு பங்கே இதற்குப் போதும். பணத்தினும் அரிதாக வேண்டப்படுவது ஒன்றுண்டு. ஊர்ப் பொதுவிடத்தில், பலர் காண, அவனைப் பெயர் சொல்லி அழைத்து அருகில் அமரச் செய்தலே அது. பாண்டியன் வார்த்திகன்முன் தலை தாழ்த்தினான். நம்மிடம் அத்துணை வேண்டுவாரில்லை. தேநீர்க் கடைப் பலகையில் சற்றே நகர்ந்து இடங்கொடுத்தல் நமக்கு அரிய செயலன்று. சங்கத்தார் வரும் பொதுக்கூட்டத்தில் இதனை ஆராய்ந்து முடிவு செய்வாராக.