மலபார் ஹில்லில் ஒரு சுற்று

போன டிசம்பரில் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். முலுண்டில் எங்கள் பால்கனியில் நின்றால் எதிர்க் கட்டடத்தின் பால்கனி தெரியும். அவ்வளவுதான் காட்சி. ராமநாதபுரத்து மனுஷருக்கு மூன்று நாளுக்கு மேல் இது தாங்கவில்லை. "எங்கயாச்சும் கடல் பக்கம் கூட்டிட்டுப் போப்பா" என்றார்.

மெரைன் டிரைவ், கேட்வே எல்லாம் முந்தைய தடவையே காட்டியாகிவிட்டது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை தாதரில் ரயில் மாறி, சர்னி ரோட்டில் இறங்கி, டாக்ஸி பிடித்து தீன் பத்தி போனோம். நான், மனைவி, மகள், அப்பா. தீன் பத்தியிலிருந்து வால்கேஷ்வர் ரோட்டில் நடந்து, பாண்கங்கா குளத்துக்கு இறங்கி, குளத்தைச் சுற்றிக் கடலோரம் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மேலே ஏறினால் ஒரு சுற்று. நின்று நின்று போனாலும் ஒன்றரை மணி நேரம்தான். முழங்கால் வலி உள்ள பெரியவர்களையும் கூட்டிப் போகலாம், படிகளில் மட்டும் கை கொடுக்க வேண்டியிருக்கும்.

மும்பை வரைபடத்தைப் பார்த்தால் தெற்கே நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு முனைகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று கொலாபா, இன்னொன்று மலபார் ஹில். நடுவில் இருக்கிற வளைவுதான் மெரைன் டிரைவ். மலபார் முனையின் நுனியில் ஆளுநர் மாளிகை இருப்பதால் அதற்குள் நம்மை விடமாட்டார்கள். நாம் நடப்பது அதற்குச் சற்று முன்னால் உள்ள பகுதி.

டாக்ஸியிலேயே அப்பா கேட்டுவிட்டார். "மலபார்னா கேரளால்ல? இங்க எப்படிப்பா வந்துச்சு?"

பதினெட்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். பஸ் போர்டில் பெயரைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை! "அப்புறம் சொல்றேம்ப்பா" என்று சமாளித்தேன். வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் குளம். இரண்டு பக்கமும் மாடி வீடுகள் நெருக்கும் சந்தில் படியிறங்கினால் திடீரென்று ஒரு பெரிய நீள்சதுரக் குளம். நான்கு பக்கமும் கல் படிகள், வாசலில் தீபஸ்தம்பங்கள், வாத்துகள், சுற்றிலும் சின்னச் சின்னக் கோயில்கள். அதில் வேங்கடேஸ்வர பாலாஜியும் உண்டு. நம் ஊர் தெப்பக்குளம் ஒன்றைத் தூக்கி வந்து கோடீஸ்வரர்களின் அடுக்குமாடிகளுக்கு நடுவே வைத்த மாதிரி இருக்கும். சிலாஹார அரசர்கள் காலத்தது, 1127-ல் கட்டியது என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 2024-ல் தூர்வாருவதற்கு இயந்திரத்தை உள்ளே இறக்கிச் சில படிகளை உடைத்துவிட்டார்கள், ஊரே கொதித்தது. தொள்ளாயிரம் வருஷம் நின்ற படிக்கு ஒரு நாள் அவசரம் போதும்.

தல புராணம் இது. சீதையைத் தேடிப் போகும் வழியில் ராமர் இங்கே தங்கினார். தினமும் லட்சுமணன் காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்து தருவான். ஒரு நாள் தாமதமானது. ராமர் மணலிலேயே லிங்கம் பிடித்து வைத்துப் பூஜை செய்தார். வாலுகா என்றால் மணல். வாலுகேஸ்வரர்தான் வால்கேஷ்வர் ஆனார். குடிக்க நல்ல தண்ணீர் இல்லாததால் அம்பை எய்து கங்கையை வரவழைத்தார், அதனால் பாண்கங்கா.

சொல்லி முடிப்பதற்குள் அப்பா சிரித்துவிட்டார். "இது நம்ம ஊர் கதையாவுல்ல இருக்கு!" ராமேஸ்வரத்திலும் மணல் லிங்கம்தான். அங்கே தாமதமாக வந்தவர் அனுமார், லிங்கம் பிடித்தவர் சீதை. தண்ணீர்க் கதையும் அங்கே உண்டு. தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டி தீர்த்தம் போனவர்களுக்குத் தெரியும், கடலுக்குள் பாலம் மாதிரி நடந்து போனால் நடுவே நல்ல தண்ணீர் கிணறு. சீதையின் தாகத்துக்காக ராமர் வில்லை ஊன்றிய இடம். அப்பா சின்ன வயதில் அங்கே வாளி போட்டு இறைத்துக் குடித்திருக்கிறார். அதை என் மகளுக்கு நடித்தே காட்டினார்.

அம்போ வில்லோ, இரண்டு கதையும் சொல்வது ஒரே விஷயத்தைத்தான். உப்புக் கடலை ஒட்டி நல்ல தண்ணீர் கிடைக்கும் இடம் இது. மலைமேல் பெய்யும் மழை பாறை இடுக்குகளில் இறங்கிக் கீழே ஊற்றாக வருகிறது. இன்றைக்கும் இந்த மலை ஒரு தண்ணீர்த் தொட்டிதான். மேலே ஹேங்கிங் கார்டன் என்று குழந்தைகளைக் கூட்டிப் போகிறோமே, அந்தப் புல்வெளிக்குக் கீழே இருப்பது பிரிட்டிஷ் காலத்து நீர்த்தேக்கம்.

அப்பாவின் கேள்விக்குப் பதிலும் இந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. 1670-களில் பம்பாய்க்கு வந்த ஜான் ஃப்ரையர் என்ற ஆங்கில மருத்துவர் இந்த மலையைப் பற்றி எழுதியிருக்கிறார். உச்சியில் பார்சிகள் புதிதாகக் கட்டிய இறுதிச் சடங்கு இடம், கடல் பக்கச் சரிவில் ஒரு மாபெரும் கோயிலின் இடிபாடு, பக்கத்தில் நல்ல தண்ணீர்க் குளம், அதற்காகத்தான் மலபார்காரர்கள் முக்கியமாக வந்து போனார்கள் என்கிறார். மலபார் கடற்கொள்ளைக்காரர்கள் இந்த முனையில் நின்று நோட்டம் பார்த்தார்கள், அதனால் இந்தப் பெயர் என்றும் ஒரு கட்சி உண்டு. எனக்கு ஃப்ரையர் சொல்வதுதான் பொருத்தமாகப் படுகிறது. நாள்கணக்கில் உப்புக் காற்றில் வந்தவன் முதலில் தேடுவது தண்ணீரை. அப்படியே ஒரு கும்பிடும் போட்டுக்கொள்வான்.

அந்தக் காலத்து ஐரோப்பியர்களுக்கு மலபார் என்பது ரொம்பத் தாராளமான சொல். 1578-ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், நம் மொழியை 'மலவார் தமிழ்' என்றுதான் குறிப்பிட்டது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழை மலபார் மொழி என்றே எழுதினார். இலங்கையிலும் ஆங்கிலேயர்கள் தமிழர்களை மலபார் என்று வெகு காலம் பதிந்தார்கள். ஆகவே மலபார் ஹில் நம்முடையது என்று கொடி நாட்டிவிடலாமா? ஆசைதான், ஆனால் நியாயமில்லை. இங்கே தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் பெரும்பாலும் மேற்குக் கடற்கரைக்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள். தெற்கிலிருந்து வந்தவர்கள் என்பது வரை சரி.

ஃப்ரையர் பார்த்த இடிபாடு போர்ச்சுகீசியர்கள் இடித்த பழைய வால்கேஷ்வர் கோயிலுடையது. அதைத் திரும்பக் கட்டியவரின் கதைதான் என்னை ரொம்ப நேரம் தூங்கவிடாமல் செய்தது.

அவர் பெயர் ராமா காமத்தி, சாரஸ்வத பிராமணர், பெரிய வணிகர். (காமாட்டிபுராவுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. அது கட்டட வேலைக்கு வந்த தெலுங்குக்காரர்களால் வந்த பெயர்.) ஆங்கிலேயக் கம்பெனிக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பது, சிப்பாய்களை நடத்திப் போவது எல்லாம் இவர்தான். 1715-ல் வால்கேஷ்வரில் கோயிலைக் கட்டினார். 1718 கிறிஸ்துமஸ் அன்று கோட்டைக்குள் செயின்ட் தாமஸ் தேவாலயம் திறந்தார்கள். சர்ச்கேட் என்ற பெயருக்கே காரணமான சர்ச் அது. ராமா காமத்தி தன் சமூகத்தாரோடு வந்து கடைசிவரை நின்று வழிபாட்டைப் பார்த்தார் என்று பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு வேண்டப்பட்டவர்.

அதே 1718-ல்தான் கம்பெனி கடற்படை மராட்டியத் தளபதி கான்ஹோஜி ஆங்கிரேயின் கண்டேரித் தீவைத் தாக்கித் தோற்றுத் திரும்பியது. தோற்றால் யாராவது காட்டிக்கொடுத்திருக்க வேண்டுமே! பழி ராமா காமத்திமேல் விழுந்தது. ஆங்கிரேயின் முத்திரையோடு கடிதங்கள் வந்து சேர்ந்தன. அவருடைய குமாஸ்தாவின் கட்டை விரல்களில் இரும்புத் திருகைப் பூட்டி முறுக்கி வாக்குமூலம் வாங்கினார்கள். 1720-ல் விசாரணை. ஆயுள் சிறை, சொத்தெல்லாம் பறிமுதல். 1728-ல் சிறையிலேயே செத்துப்போனார். அந்தக் கடிதங்களும் முத்திரையும் போலி என்பது பின்னால் தெரியவந்தது. தெரிந்து யாருக்கு என்ன பயன்?

ஆளுநர் மாளிகைக்குள், முனையின் நுனியில், ஸ்ரீகுண்டி என்று பிளவுபட்ட ஒரு பாறை உண்டு. அதன் வழியே ஊர்ந்து வெளியே வந்தால் பாவம் தீர்ந்து புதுப் பிறவி என்பது நம்பிக்கை. கான்ஹோஜி ஆங்கிரே ரகசியமாக வந்து அதில் நுழைந்து போனார் என்று சொல்வார்கள். எதிரி வந்து பாவத்தைத் தொலைத்துவிட்டுப் போனார். கோயில் கட்டியவர் எதிரியோடு பேசினார் என்ற பொய்யில் போனார்.

குளக்கரைப் படியில் உட்கார்ந்தபோது அப்பா பெரியப்பாவைப் பற்றிப் பேசினார். பெரியப்பா 1968 வாக்கில் மாதுங்காவில் நாலு பேரோடு ஓர் அறையில் தங்கி, ஃபோர்ட்டில் ஸ்டெனோவாக இருந்தார். சிவசேனை தொடங்கி இரண்டு வருஷம், மதராசி என்றால் வசவு. ரயிலில் தமிழ்ப் பத்திரிகையை விரிக்க மாட்டாராம், டிபன் டப்பா சுற்றவும் மராட்டிப் பேப்பர்தானாம். பன்னிரண்டு வருஷம் அப்படி ஓட்டிவிட்டு ஊருக்கே வந்துவிட்டார். தெற்கத்திக்காரர்கள் முந்நூறு வருஷம் முன்னால் தண்ணீர் குடித்துப்போன மலைக்கு அவர்கள் பெயரே இருக்கிறது, அதில்தான் ஆளுநர் குடியிருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா? அப்பா யோசித்தார். "தெரிஞ்சிருந்தாலும் வெளிய சொல்லியிருக்க மாட்டான்."

கடல் பக்கம் ஐந்து நிமிடம் நின்றோம். பக்கத்தில் சுடுகாடு இருப்பதால் மனைவி அவசரப்படுத்தினாள். மகளுக்கு வாத்துகள்தான் முக்கியம். திரும்ப மேலே ஏறுவதற்கு முன் அப்பா மட்டும் குளத்து ஓரத்தில் பசுவின் வாய் போலச் செதுக்கிய கல்லில் தண்ணீர் விழும் இடத்துக்குப் போனார். "வேண்டாம் மாமா, சுத்தமா இருக்காது" என்று மனைவி கத்துவதற்குள் விரலை நனைத்து நாக்கில் வைத்துவிட்டார்.

"உப்பே இல்லம்மா" என்றார்.