வடாலாவும் மாதுங்காவும்: பையின் வரலாறு

நகரங்களின் வரலாற்றை எழுதுவோர் கோட்டையில் தொடங்கித் துறைமுகத்துக்கு வந்து ஆலைகளில் முடிப்பது வழக்கம். பம்பாயின் வரலாறும் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஓர் ஊர் நமக்குச் சொந்த ஊராக ஆனது எப்படி என்று வினவினால், கோட்டையும் துறைமுகமும் விடை கூறமாட்டா. காப்பிப் பொடி வாங்க எந்தக் கடைக்குப் போகிறோம், வெள்ளிக்கிழமைக்குப் பூ எங்கே கிடைக்கிறது, ஊரிலுள்ள தாயாருக்குப் பணம் அனுப்ப எந்தத் தபால் ஆபீசில் நிற்கிறோம் என்பன போன்ற சில்லறைக் காரியங்களே அதற்கு விடை. கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டையும் தில்லியில் கரோல் பாக்கையும் அறிந்த தமிழன்பர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நாம் இங்கே காணப் புகுவது வடாலா, அதனை அடுத்த மாதுங்கா, அப்பாலுள்ள தாராவி ஆகிய மூன்று பேட்டைகளின் அன்றாட வாழ்வை.

1896-ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் புகுந்தது. நெருக்கமான சந்துகளே நோயின் இருப்பிடம் என்று கருதிய அரசாங்கம் 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் என்னும் அமைப்பை ஏற்படுத்தியது. அந்த டிரஸ்ட் தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் நிலங்களைக் கையகப்படுத்தி, வீடுகள் எழுவதற்கு முன்னரே தெருக்களை வகுத்தது. கிங்ஸ் சர்க்கிள் என்ற வட்டத் தோட்டமும், வடாலா செல்லும் வழியில் ஐந்து தோட்டங்கள் எனப்படும் பூங்காக்களும் அவ்வாறு பிறந்தவை. தெருக்களுக்கு நீதிபதி தெலாங், வடமொழிப் பேரறிஞர் பண்டார்கர், மருத்துவர் பாவு தாஜி முதலியோரின் பெயர்களைச் சூட்டினார்கள். கத்தரிக்காய் வாங்கப் போகிறவர் இத்தனை அறிஞர்களின் பெயரைக் கடந்து போவது வேறு எந்த ஊரில் உண்டோ!

பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூர், திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்தும் வந்த குமாஸ்தாக்களும் கணக்கர்களும் சுருக்கெழுத்தாளர்களும் இந்தப் புதுத் தெருக்களில் குடியேறினர். பழைய சால்களில் பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு குழாயும் ஒரு கழிப்பறையும் இருந்தன. புதிய கட்டடங்களிலோ வீட்டுக்குள்ளேயே சமையலறை, குளியலறை யாவும் அமைந்தன. தனிச் சமையலறையைத் தேடிய அந்த விருப்பத்தில் ஆசாரமும் இருந்தது, சாதி ஒதுக்கமும் இருந்தது. அதனை மறைப்பதற்கில்லை. 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், இந்தியாவின் முதல் மின்சார ரயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து துறைமுகப் பாதையில் வடாலா வழியாகக் குர்லாவுக்கு ஓடியது. கோட்டைப் பகுதியில் உத்தியோகம், வடாலாவிலோ மாதுங்காவிலோ குடித்தனம் என்ற ஏற்பாடு அதனால் எளிதாயிற்று.

வடாலாவின் பெயர் தேச சரித்திரத்தில் இடம்பெற்றது உப்பளங்களால். 1930 மே, ஜூன் மாதங்களில் அங்கிருந்த உப்புக் கிடங்கின்மீது சத்தியாக்கிரகிகள் ஆயிரக்கணக்கில் அலை அலையாகச் சென்று உப்பை அள்ளினர். கடைக்குப் போய் உப்பு வாங்குவது என்னும் மிகச் சிறிய காரியமும் அந்நாளில் அரசியலாயிற்று.

இனி மாதுங்காக் கடைத்தெருவுக்குள் நுழைவோம். வடாலாவிலிருந்து கைப்பையுடன் நடந்தே வந்துவிடலாம். வாழைத்தண்டு, வாழைப்பூ, சேனை, சேப்பங்கிழங்கு, சுண்டைக்காய், முருங்கை என்று பம்பாயின் பிற சந்தைகளில் தேடி அலைய வேண்டியவை இங்கே கூடைகளில் நிரம்பியிருக்கும். தெலாங் சாலைப் பக்கத்தில் மல்லிகையும் கதம்பமும் முழக் கணக்கில் விற்பனையாகும். கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு: விற்பவர் பலர் தமிழர் அல்லர். வாங்குவோரின் வாயிலிருந்தே முழம், தண்டு, கீரை என்ற சொற்களைக் கற்றுக்கொண்டவர்கள். வாங்க வந்த பெண்மணிகளோ பேரம் பேசியே மராத்தி கற்றார்கள். ஆங்கிலம் ஒன்றையே நம்பி அலுவலகம் சென்றுவந்த ஆடவரைவிட ஊரை முதலில் தமதாக்கிக் கொண்டவர்கள் இந்தப் பெண்களே என்பது நம் கருத்து.

காப்பிக் கடையைப் பற்றிக் கூறாது விடலாகாது. மைசூர் கன்சர்ன்ஸ் போன்ற கடைகளில் கொட்டையைக் கண்முன்னே அரைத்துத் தருவார்கள். பீபரி எவ்வளவு, பிளாண்டேஷன் எவ்வளவு, சிக்கரி எத்தனை பங்கு என்பது குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். இளஞ்சூட்டுடன் பொட்டலத்தை வாங்கி, மணம் போய்விடுமே என்று விரைந்து நடப்பதும் ஓர் இன்பமன்றோ? பஞ்சாங்கம், தருப்பை, பூஜைப் பண்டங்கள் வேண்டுவோர்க்கும் கடைகள் தோன்றின. 1951-இல் மாதுங்காவில் தொடங்கிய கிரி டிரேடிங் நிறுவனம் பின்னாளில் சென்னை மயிலாப்பூரிலும் கடை திறந்தது. தமிழ்நாட்டிலிருந்து பம்பாய்க்குச் சரக்கு வருவது இயல்பு. கடையே பம்பாயில் பிறந்து மயிலாப்பூருக்குச் சென்றது புதுமை.

திருமணமாகாத இளைஞர்களுக்குச் சோறு ஒரு பெரும் பிரச்சினை. 1937-இல் மணீஸ் லஞ்ச் ஹோம், 1940-இல் கஃபே மதராஸ், 1942-இல் ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் என வரிசையாகத் தோன்றியவை அவர்களுடைய பசியைத் தீர்த்தன. நம்மவர் ஓட்டல் என்று நாம் பெருமையுடன் கூறிக்கொண்டாலும், இவற்றுள் புகழ் வாய்ந்த பல உடுப்பிப் பக்கத்தாருடையவை. மதராஸ் என்ற பெயர் பலகையில் இருந்ததே நமக்குப் போதுமாயிருந்தது போலும். 1942-இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றது. 1943 மே 2-ஆம் நாள், இந்திய நகரங்களுள் முதலாவதாகப் பம்பாயில் உணவுப் பங்கீடு அமலுக்கு வந்தது. அரிசி குறைந்து கோதுமை கூடிற்று. சோறுண்டு பழகிய வீடுகளில் சப்பாத்திக் கட்டை நுழைந்தது அந்நாட்களில்தான்.

இதுவரை கூறியது மாதுங்காவின் கதை. கிங்ஸ் சர்க்கிளிலிருந்து தாராவி தொலைவிலில்லை. ஆயினும் அங்கே வாழ்ந்த தமிழரின் காரியங்கள் வேறு. பாந்திராவில் இருந்த கசாப்புக்கூடத்தை அண்டித் தாராவியில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதி திராவிடரும் தமிழ் முஸ்லிம்களும் அதற்காக வந்து குடியேறினர். அவர்களுக்கு நாளின் முதற்காரியம் பொதுக்குழாயில் தண்ணீர் பிடிப்பது. மாதக் காரியம் மணியார்டர். பாரம் நிரப்பத் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, அதன் அடியிலுள்ள சிறு துண்டில் நலமும் செய்தியும் இரண்டு வரியில் எழுதச் சொல்லுவார்கள். அந்த இரண்டு வரிக்குள் அடக்கத் தெரிந்தவரே அந்நாளின் சிறந்த எழுத்தாளர் என்று கூறத் தோன்றுகிறது. பொங்கல் வந்தால் 90 அடிச் சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்புக் கூட்டிப் பானை வைப்பார்கள். மாதுங்காவில் பொங்கல் அறைக்குள் பொங்கியது, தாராவியில் அது தெருவில் பொங்கியது.

மும்பையின் மிகுதியான மக்களுக்கு இட்டிலியைக் கொண்டு சேர்த்தவர்களும் தாராவித் தமிழரே. விடியுமுன் வீட்டிலேயே ஆவியில் வேகவைத்து, பாத்திரத்தில் அடுக்கி, சட்டினி சாம்பாருடன் சைக்கிளில் ஏற்றி, குழல் ஒலித்துக்கொண்டு தெருத் தெருவாகச் செல்வார்கள். கஃபே மதராஸ் வாயிலில் காத்திருப்போரைப் படம் பிடித்தவர் பலர். சைக்கிள் இட்டிலிக்காரரின் வரலாற்றை எழுதியவர் சிலரே.

இரு பேட்டைத் தமிழரும் சந்தித்த இடங்கள் மிகுதியல்ல. கிங்ஸ் சர்க்கிளில் இருந்த அரோரா திரையரங்கு அவற்றுள் ஒன்று. தமிழ்ப்படம் வந்தால், வடாலாக் குமாஸ்தாவும் தாராவித் தொழிலாளியும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தனர், டிக்கட்டின் விலை மட்டும் வேறு. 1952-இல் தோன்றிய சண்முகானந்த சபாவோ சங்கீத ரசிகர்களின் மாளிகை. 1963-இல் ஏறத்தாழ மூவாயிரம் பேர் அமரத்தக்க அரங்கைத் திறந்தது. 1990-இல் தீ விபத்துக்கு இரையாகி, 1998-இல் மீண்டும் எழுந்தது.

1966-ஆம் ஆண்டை அந்தத் தலைமுறையினர் மறப்பதில்லை. அவ்வாண்டு ஜூனில் சிவசேனை தோன்றியது. உத்தியோகங்கள் தென்னிந்தியர் கையில் குவிந்துவிட்டன என்பது அதன் முறையீடு. வேலையற்ற மராத்தி இளைஞர்களின் ஏக்கம் அதில் இருந்தது உண்மை. அந்த ஏக்கத்துக்கு உடுப்பி ஓட்டல்கள் கல்லடி பட்டதும் உண்மை. அடுப்படியில் நிற்பவன் டைப் அடிக்கும் வேலையைப் பறித்தவன் அல்லன் என்பதை யார் எடுத்துச் சொல்வது?

எனினும் மாதுங்காவிலிருந்து தமிழ்க் குடும்பங்களை மெல்ல வெளியேற்றியது கல் அன்று, வாடகை. 1947-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பழைய வாடகையை 1940-ஆம் ஆண்டின் அளவையொட்டியே நிறுத்தியது. உள்ளே இருந்தவர் சொற்ப வாடகையில் வாழ்ந்தார். புதிதாக வருபவரோ பெருந்தொகையைப் பகடியாகத் தந்தாலன்றி நுழைய முடியவில்லை. வாடகையில் வருவாய் காணாத கட்டடக்காரர் பழுது பார்க்கவில்லை. அண்ணன் பழைய வீட்டில் தங்கினால், தம்பி செம்பூரிலோ முலுண்டிலோ டோம்பிவிலியிலோ குடிபோனார். இன்று பழைய மூன்று மாடிக் கட்டடங்கள் பல இடிந்து, அவ்விடங்களில் உயர்ந்த கோபுரங்கள் எழுகின்றன. தாராவியும் மறுசீரமைப்புத் திட்டத்துக்கு உட்பட்டிருக்கிறது. இருபது மாடிக்கு மேல் குடியமர்த்தப்படும் ஒருவர் விடியற்காலையில் முந்நூறு இட்டிலி வேகவைத்துச் சைக்கிளில் ஏற்றுவது எவ்வாறு என்பதை வரைபடம் தீட்டுவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குடிபோனவர்கள் கடையை விட்டுப் போகவில்லை. சனிக்கிழமைகளில் டோம்பிவிலியிலிருந்தும் நவி மும்பையிலிருந்தும் மாதுங்காவுக்கு வருகிறார்கள். அரைக் கிலோ காப்பிப் பொடி, இரண்டு முழம் மல்லிகை, பேரனுக்கு ஒரு பொட்டலம் முறுக்கு. பிறகு வடாலா ரோடு நிலையத்தில் பன்வேல் வண்டிக்காக நிற்கிறார்கள். கூட்டம் நெருக்கும். வாழையிலைக் கட்டு மடங்காதிருக்கும் பொருட்டு அதனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடியே ஏறுகிறார்கள்.