மலை ஏறி இறங்கினால் டர்போ காரில் ஆயில் குறைவது ஏன்? பிரீதர் பைப்பை அடைக்கலாமா?

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணையைத் தாண்டினால் கல்வராயன் மலைப்பாதை ஆரம்பித்துவிடும். கரியாலூர் வரை ஏற்றமும் வளைவும்தான். கோடை விழாவுக்கும் படகு சவாரிக்கும் காரில் போகிறவர்களும் சரி, தினமும் ஆளும் சரக்கும் ஏற்றிப் போகும் பிக்கப் ஓட்டுநர்களும் சரி, ஒன்றைக் கவனித்திருக்கலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் கொஞ்சம் இறங்கியிருக்கும். டர்போவுக்குப் போகும் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்.

உடனே இரண்டு யோசனை வரும். ஒன்று, "பிரீதர் பைப்பை அடைச்சிடுங்க". இன்னொன்று, "கழட்டி கீழே தொங்க விட்டுடுங்க". இரண்டுமே தப்பு. ஏன்?

பிரீதர் பைப் எதற்கு?

இன்ஜினில் எரிபொருள் எரியும்போது உண்டாகும் வாயுவில் சிறு பங்கு, பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கீழே கசியும். நல்ல இன்ஜினிலும் இது உண்டு. இதற்குப் பெயர் புளோ-பை. நம்ம ஊர் மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள். இந்த வாயு கிராங்க்கேஸில், அதாவது ஆயில் இருக்கும் அடிப்பகுதியில் சேரும். அங்கே கிராங்க் சுற்றும் வேகத்தில் ஆயில் பனிபோலச் சிதறிக்கொண்டிருப்பதால், வெளியேறும் வாயு அந்தத் துளிகளையும் தூக்கிக்கொண்டு போகும்.

அந்தக் காலத்துக் கார்களில் இந்த வாயு ஒரு குழாய் வழியாக நேராக ரோட்டில் விடப்பட்டது. காற்று மாசு பெரிதானதும், 1961-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணம் அதை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பி எரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதுதான் பிசிவி. இப்போதைய கார் எல்லாமே இந்த முறையில்தான் ஓடுகிறது.

டர்போவில் என்ன சிக்கல்?

டர்போ இல்லாத பெட்ரோல் காரில் இன்டேக் மேனிஃபோல்டில் எப்போதும் உறிஞ்சும் விசை இருக்கும். அது கிராங்க்கேஸ் வாயுவை இழுத்துக்கொள்ளும். டர்போ காரில் அப்படி இல்லை. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் டர்போ காற்றை அழுத்தித் தள்ளும். மேனிஃபோல்டில் உறிஞ்சலுக்குப் பதில் அழுத்தம் வந்துவிடும். அந்த அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் புகாமல் ஒரு வால்வு மூடிக்கொள்ளும். அப்போது வாயு இரண்டாவது பாதையில், டர்போவுக்கு முன்னால் இருக்கும் குழாய்க்குப் போகும். டீசல் வண்டிகளில் பெரும்பாலும் இந்த ஒரு பாதைதான்.

ஏற்றத்தில் லோடு அதிகம் என்பதால் கசியும் வாயுவும் அதிகம். கூடவே ஆயில் துளியும் அதிகம். அது இன்டர்கூலரிலும் குழாயிலும் படியும். இறக்கத்தில் கதை மாறும். சின்ன கியரில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது பெட்ரோல் இன்ஜினில் உறிஞ்சல் பலமாக இருக்கும். பிசிவி வால்வு பழுதாகியிருந்தால் ஆயிலும் சேர்ந்து இழுக்கப்படும்.

இதனால் என்ன கெடுதல்?

இன்டர்கூலரின் உட்சுவரில் ஆயில் படிந்தால் காற்று சரியாகக் குளிராது. பெட்ரோலோடு ஆயில் கலந்து எரிந்தால் இன்ஜின் தட்டும் வாய்ப்பு கூடும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்வதால் இன்டேக் வால்வு கழுவப்படாது. ஆயில் அங்கே கரியாகப் படியும். இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 2019-ல் அறிமுகமான ஹூண்டாய் வென்யூவின் 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் இந்த டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வகைதான்.

ஆயில் எப்படிப் பிரிக்கப்படுகிறது?

இட்லிப் பானை மூடியில் ஆவி பட்டு நீர்த்துளியாவதைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதே கதைதான். வால்வ் கவருக்குள் தடுப்புகள் வளைந்து வளைந்து இருக்கும். வாயு திரும்பிப் போய்விடும், கனமான ஆயில் துளி திரும்ப முடியாமல் சுவரில் மோதி வழிந்து ஆயில் பேனுக்குத் திரும்பும். சில இன்ஜின்களில் ரைஸ் மில் தூசியைப் பிரிப்பது போன்ற சைக்ளோன் அமைப்பும் உண்டு.

வெளியே தனியாக மாட்டும் டப்பாவுக்குப் பெயர் ஆயில் கேட்ச் கேன். மாட்டுவதாக இருந்தால் இவற்றைப் பாருங்கள்:

• உள்ளே வலையோ தடுப்போ இருக்க வேண்டும். வெறும் டப்பாவில் ஆயில் பெரிதாகப் பிரியாது.

• குழாய் ஆயில் தாங்கும் ரகமாகவும், பழைய குழாயைவிடக் குறுகாததாகவும் இருக்க வேண்டும். மடிந்தால் அடைப்பு மாதிரிதான்.

• டர்போ சூட்டில் இருந்து தள்ளி, காற்று படும் இடத்தில் இருக்க வேண்டும்.

• வாயு திரும்ப இன்ஜினுக்கே போக வேண்டும். வெளியே விடக் கூடாது.

• சேர்ந்ததை மறக்காமல் வடிக்க வேண்டும். மலைக் குளிரில் தண்ணீரும் சேர்ந்து வெண்ணெய் போல நிற்கும். கூலன்ட்டும் குறைந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

அடைத்தால் என்ன ஆகும்?

வாயுவுக்கு வழி இல்லாமல் அழுத்தம் ஏறும். ஆயில் சீல் பிதுங்கும், டிப்ஸ்டிக் எகிறும், டர்போவில் இருந்து ஆயில் திரும்பி வடிய முடியாமல் அதன் சீல் வழியாகவே கசியும். ஆயில் கசிவை நிறுத்தப் போய் புதுக் கசிவை உண்டாக்கிய கதை ஆகிவிடும்.

கீழே தொங்க விட்டால்? பெட்ரோல் கார்களில் இந்த வாயு வெளியே போகக் கூடாது என்பது பாரத் ஸ்டேஜ் விதி. தயாரிப்பு நிறுவனத்தின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவும் தடுக்கிறது. வாரன்ட்டிக்கும் சிக்கல் வரலாம்.

டீசல் ஓட்டுநர்கள் கவனத்துக்கு

டர்போ சீல் போனாலோ, பிரீதர் வழியாக ஆயில் அளவுக்கு மீறி வந்தாலோ, டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக்கிக் கட்டுக்கடங்காமல் சீறலாம். சாவியை அணைத்தாலும் நிற்காது. மேனுவல் கியர் வண்டி என்றால், வண்டியை நிறுத்தி, பிரேக்கை முழுதாக மிதித்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பெரிய கியருக்கு மாற்றி கிளட்சை விடுங்கள். இன்ஜின் அமுங்கி நின்றுவிடும். முடியவில்லை என்றால் எல்லோரும் இறங்கி விலகி நில்லுங்கள். காற்று உறிஞ்சும் குழாயில் கையை வைக்கவே கூடாது.

கேன் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்

வண்டி சமதளத்தில் நிற்கும்போது ஆயில் அளவைப் பாருங்கள். சரிவில் பார்த்தால் தப்பான அளவு காட்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினாலும் கிராங்க் அதை நுரைக்க வைத்து, துளி அதிகமாகும்.

பிறகு இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது ஆயில் மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். பெட்ரோல் காரில் லேசாக உறிஞ்சினால் சரி. விசில் சத்தத்தோடு மூடியே வராமல் பிடித்து இழுத்தால் பிசிவி வால்வின் ரப்பர் கிழிந்திருக்கலாம். புகை குபுகுபுவென்று தள்ளினால் பிரீதர் அடைப்போ, ரிங் தேய்மானமோ இருக்கலாம். டீசலில் லேசான புகை சகஜம். தளர்த்திய மூடி எகிறிக் குதித்தால் சகஜம் இல்லை.

ரிங் தேய்ந்த இன்ஜினுக்குக் கேட்ச் கேன் மருந்து இல்லை. டப்பா சீக்கிரம் நிரம்பும், அவ்வளவுதான். பிசிவி வால்வும் பிரீதர் குழாயும் சரியாக இருந்தாலே பல கார்களுக்குப் போதும். இன்ஜின் மூச்சு விடும் வழியைத் திறந்தே வையுங்கள், அந்த மூச்சில் வரும் ஆயிலை மட்டும் பிடியுங்கள்.